பிப்ரவரி முப்பதும் காராச்சேவுப் பெட்டியும்

ஜனவரி 26, ஞாயிறு

இந்த டைரியில் நான் எழுதப்போவதை எவனும் நம்பப்போவதில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். சாட்சி, என் மனைவி யோகேஸ்வரி. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் அவள் நம்பியதில்லை.

டைரியும் அதற்கேற்ற டைரிதான். எங்கள் பிரஸ்ஸில் அச்சானது. பிப்ரவரிக்கு முப்பது நாள் விழுந்துவிட்டதால் ஆர்டர் கொடுத்த பார்ட்டி மொத்த லோடையும் திருப்பியனுப்பிவிட்டான். கூட்டாளிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நான் ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். ராஜாதி ராஜனுக்கும் வாய்க்காத ஒரு நாள் எனக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, விடுவேனா?

இன்று என் தங்கை பொன்னுத்தங்கத்தின் மகள் பிரீத்திகா ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வந்தாள். அங்கே வேதியியல் மேல்படிப்பு. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பேராசிரியர்கள் எழுந்து நிற்கிறார்கள் என்று எங்கள் ஊர் விஸ்வநத்தம் முழுக்க நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவர்கள் காலேஜில் கலாச்சார நாளாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு அறையில் தங்கள் ஊரைக் காட்ட வேண்டுமாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளோடு தங்கியிருக்கும் பெண் எட்டிப் பார்த்து, இவர்தான் மதுரை மாமாவா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஏ பாப்பா, நான் எப்ப மதுரைக்குக் குடி போனேன்?"

"இங்கன எல்லாருக்கும் மதுரைதான் மாமா தெரியும்." கேமராவைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜனவரி 28, செவ்வாய்

பொன்னுத்தங்கத்தைக் குடைந்து விஷயத்தை வாங்கிவிட்டேன். போன புதிதில் பிள்ளை சிவகாசி என்றுதான் சொல்லியிருக்கிறாள். கூடப் படிக்கிற லூக்காஸ் என்கிற பையன் போனில் தேடி, எரிந்து கிடக்கும் ஒரு ஷெட்டின் படத்தைக் காட்டி, "இது உங்கப்பா வேலையா?" என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து மதுரை. கலாச்சார நாளுக்கும் கோபுரம் படம்தான் காட்டப்போகிறாளாம்.

அவள் அப்பா, எங்கள் மாப்பிள்ளை சரவணக்குமார், சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். இது அவருக்குத் தெரியாது.

எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் நான். இதை அப்படிச் சொல்ல வரவில்லை. அந்தப் படம் எந்த ஊர் ஷெட்டோ. எங்கள் பக்கத்தது என்றால் அந்த வீடுகளுக்கெல்லாம் சாவுக் கேதத்துக்குப் போயிருப்போம்.

ஜனவரி 29, புதன்

அந்தக் காலேஜில் வைத்தே அவள் வாயால் ஊர்ப் பேரைச் சொல்ல வைக்காவிட்டால் என் பெயர் பலவேசம் இல்லை. வேறு நல்ல பெயராகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் யோகேஸ்வரி.

பிப்ரவரி 3, திங்கள்

திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் மொத்த ஜனத்தொகையையும் மனதில் வைத்து, சாத்தூர் காராச்சேவு நான்கு கிலோ வாங்கினேன். நாக்கில் பட்டால் அந்த நாடே நம் ஊர்ப் பக்கம் திரும்பி உட்காரும்.

பிரஸ்ஸில் கைக்கு எட்டிய பெட்டியில் போட்டு, மேலே காக்கித்தாள் சுற்றிவிட்டேன். கூரியர் ஆபீஸ் மணிமுத்து தூக்கிப் பார்த்தான்.

"உள்ள என்ன அண்ணாச்சி?"

"சேவுலே."

"எனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கலாம்ல."

பிப்ரவரி 19, புதன்

ஜெர்மனி என்மீது போர் தொடுத்துவிட்டது.

பார்சலை ஏர்போர்ட்டில் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது எங்கள் பிரஸ்ஸில் அச்சான ராக்கெட் வெடிப் பெட்டி. சிங்கம் ஒன்று ராக்கெட்டில் ஏறிப் பறக்கிற படம், நான்கு பக்கமும் சிவகாசி என்று கொட்டை எழுத்து, அடியில் வெடிபொருள் எச்சரிக்கை. பார்த்ததும் ராணுவம் வந்தது. பீரங்கி வந்தது. ஆறு நாய்கள் மோப்பம் பிடித்துத் தும்மியே மயங்கின. ஆகாயத்தில் விமானங்கள் இறங்க மாட்டாமல் கழுகு மாதிரிச் சுற்றின.

யோகேஸ்வரியிடம் இப்படித்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பிரீத்திகா அழுததை ஸ்பீக்கரில் அவளும் கேட்டாள்.

"என்ன பெட்டில மாமா அனுப்புனீக?"

"நல்ல கெட்டிப் பெட்டிதான் பாப்பா."

"நாளைக்கு கஸ்டம்ஸ் ஆபீசுக்கு வந்து பதில் சொல்லணுமாம். என் படிப்பே போயிரும் மாமா."

எங்கள் ஊரில் கல்யாணப் பட்டு முதல் கருவாடு வரை வெடிப்பெட்டியில்தான் போகும். மணிமுத்துவின் மத்தியானச் சோறு சரவெடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எவனும் அதை வெடி என்று பார்ப்பதில்லை, பெட்டி என்றுதான் பார்ப்பான். எனக்கும் அப்படித்தான் இருந்தது—

என்னலே பலவேசம் செஞ்சு வச்சிருக்க. ஊருல ஒரு பிளாஸ்டிக் டப்பாவா இல்ல?

பிப்ரவரி 20, வியாழன்

பொன்னுத்தங்கம் காலையிலேயே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கு மொட்டை போடுவதாக. என்னிடம் கேட்கவில்லை.

மாலையில் பிரீத்திகாவின் போன் வந்தது. விசாரித்தது ஒற்றை அதிகாரி. வயசானவர். "சாப்பாட்டை ஏன் வெடிப்பெட்டியில் அனுப்புகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். "எங்கள் ஊரில் எல்லாமே இதில்தான் போகும்," என்றாளாம் இவள். "எந்த ஊர்?"

நான்கு பக்கமும் அச்சடித்திருக்கிற பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரை என்று எப்படிச் சொல்வது? சிவகாசி என்றே சொல்லிவிட்டாளாம்.

"மாமா, இம்புட்டு வழுவழுன்னு எப்படி அச்சடிக்கிறீங்கன்னு பெட்டியத் தடவித் தடவிப் பாத்தாரு. கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டாரு."

"சேவு?"

"ருசி பாத்தாரு. ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சாரு. திரும்பவும் எடுத்தாரு."

கடைசியில் ஒன்று கேட்டாள். "மாமா, அப்பா கம்பெனியில ரூம் வாசல்ல இருக்குமே, அந்தத் தகடு செம்புதான?"

ஆமா என்றேன். எதுக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

கலாச்சார நாள். அவள் அறைத்தோழி போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். இங்கே பிரஸ்ஸில் மிஷினை நிறுத்திவிட்டு, இடமில்லாமல் கூரைமேல் ஏறி, ஐயாயிரம் பேர் பார்த்தோம். மாப்பிள்ளை சரவணக்குமாரும் வந்து என் பக்கத்தில் நின்றார்.

வராந்தாவிலிருந்தே கம்பளம் விரித்த அறை. நடுவில் மேசை, அதன்மேல் என் ராக்கெட் பெட்டி. கோபுரம் படத்தைக் காணோம். வாசலில் பிரீத்திகா வெறுங்காலோடு நின்றாள். நான் சிவகாசிக்காரி, என் அப்பா பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

வருகிறவர்கள் ஷூவைக் கழற்ற வேண்டும். வாசலில் இருக்கிற, குளிருக்கு அறையைச் சூடேற்றும் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அப்பாவின் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும், உடம்பில் இருக்கிற மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்து இருக்கிற அறைக்குள் கால் வைப்போம், காலையில் முதலில் தொடுகிறவர் அப்பா என்றாள். எங்களுக்குப் புரிந்தது இவ்வளவு.

வரிசை கட்டி, சிரித்துக்கொண்டே தொட்டு வந்தார்கள். நான்கு பேர் உள்ளே வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள். அப்பா கம்பெனியில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான், அவர்கள் வெளியே போனால் அடுத்த ஆள்.

அப்புறம் ஒரு நெட்டைப் பையன். "லூக்காஸ்," என்றாள் அவள், எங்களுக்காகவே சொன்ன மாதிரி. கம்பளிக் காலுறையைக் கம்பளத்தில் தேய்த்துத் தேய்த்து, ஆடிக்கொண்டு வந்தான். குழாய்க்கு விரலை நீட்டினான்.

டிக்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சிரிப்பு நின்றது.

"இவ்வளவு பொறி போதும், ஒரு அறை வெடித்துப் போவதற்கு," என்றாள் பிரீத்திகா. "எங்கள் ஊரில் போயிருக்கிறது. நீ காட்டிய படத்தில் பேர் இல்லை. போனவர்கள் பேர் எங்களுக்குத் தெரியும்."

அந்தப் பையன் விரலைப் பார்த்தான். குழாயை இன்னொரு தடவை, இம்முறை முழுக் கையாலும் தொட்டான். அப்புறம் தன் முறை வரும்வரை சுவரோரமாக நின்றான்.

அந்தச் சத்தம் இருக்கன்குடியில் கேட்டது. ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் தானாகப் பொடிந்து விழுந்தது. வைப்பாற்றில் இல்லாத தண்ணீர் கரைமேல் ஏறியது. ஜெர்மனி முழுவதும் எழுந்து நின்றது.

மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"குழாய் நல்லா எர்த் ஆயிருக்கு, பாத்தீகளா," என்றார்.

பிப்ரவரி 28, வெள்ளி

பிரீத்திகாவிடமிருந்து மெசேஜ்: "சேவு தீர்ந்துபோச்சு மாமா. லூக்காஸ் மட்டும் அரைக்கிலோ. இன்னும் ரெண்டு கிலோ அனுப்புங்க. பெட்டி வேற போடுங்க. அந்தப் பெட்டிய மடிக்காம தட்டையா ஒண்ணு தனியா அனுப்புங்க, ஊரு பேரு மேல தெரியிற மாதிரி. சுவத்துல ஒட்டணும்."

பிப்ரவரி 30

இன்று கிழமை கிடையாது. பிரஸ்காரனுக்கே என்ன கிழமை போடுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறான். யாருக்கும் இல்லாத நாள். இன்றைக்கு மெய் சொன்னால் என் பேருக்குக் குறைச்சல் வராது.

ராணுவம் வரவில்லை. பீரங்கியும் இல்லை. நாய் ஒன்றுகூட வரவில்லை. பேராசிரியர்கள் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். பிரஸ்ஸில் ஐயாயிரம் பேர் இல்லை, நாங்கள் ஒன்பது பேர். வைப்பாறு வறண்டுதான் கிடக்கிறது. எனக்கு மொட்டை மட்டும் நிச்சயம், அடுத்த வெள்ளி.

ஆனால் அந்த 'டிக்' மெய். ஈர்க்குச்சி முறிகிற அளவுதான் இருந்தது. ஒன்பது பேருக்கும் கேட்டது.