எஸ் இல்லை

23 டிசம்பர் 2021, வியாழன்

காலையில் பதினாறு மாதிரிகள். நாலாவது ஃபாரூக்குடையது. துபாயிலிருந்து வந்து ஐந்து நாள், தொண்டை வலி. ஞாயிற்றுக்கிழமை தங்கை ஜரினாவின் நிக்காஹ். அதற்குள் முடிவு வேண்டும் என்று அவனுடைய வாப்பா கபீரும் கூடவே வந்து நின்றார். தறியில் தேய்ந்த நெஞ்சு. ஆய்வகத்தின் மூன்று படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு இளைத்தது. என்னை டாக்டரம்மா என்றார். நான் டாக்டர் இல்லை, நுண்ணுயிரியல் படித்தவள் என்று திருத்தினேன்.

"அது எனக்கு வாயில நுழையாதும்மா" என்றார்.

24, வெள்ளி

புதுக் கிட் கொரோனா வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடுகிறது. மூன்றும் கிடைத்தால் திரையில் மூன்று கோடுகள் ஏறும். ஃபாரூக்கின் மாதிரியில் இரண்டு விறுவிறுவென ஏறின. மூன்றாவது, எஸ், தரையிலேயே கிடந்தது. டெக்னீஷியன் பேச்சிராஜா, "கிட்டு டூப்புக்கா" என்றான். எனக்கும் சந்தேகம்தான். மறுபடி ஓட்டினோம். அதே இரண்டு.

தொற்று நிச்சயம். ஒமிக்ரானாக இருக்கலாம். அதில் எஸ் மரபணுவின் ஒரு துண்டு கழன்றுபோயிருப்பதால் கிட்டுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. டெல்டா என்றால் கிடைக்கும். ஆனால் முன்பு வந்த ஆல்ஃபாவிலும் இதே துண்டு இல்லையே? ஒன்று காணவில்லை என்பதை வைத்து இன்னொன்றுக்குப் பெயர் சூட்ட எனக்கு மனம் வராது. முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் பெயர் உறுதி. மாதிரியைச் சென்னைக்கு அனுப்பியாயிற்று.

சுகாதார அலுவலகத்திலிருந்து நாள் முழுக்க ஃபோன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எஸ் இருக்கிறதா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. சாயங்காலம் ஃபாரூக்கைப் பற்றியும் கேட்டார்கள். சொன்னேன்.

அரசின் இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாசிட்டிவ் எதையும் ஏற்ற முடியவில்லை. ஃபாரூக்கின் ரிப்போர்ட் கவரில் தயார். வாங்க யாரும் வரவில்லை. பாசிட்டிவ் என்று வீட்டுக்குச் சுகாதார அலுவலகமே சொல்லிவிடும்.

27, திங்கள்

கவர் இன்னும் அதே இடத்தில்.

பேச்சிராஜா ஃபோன் செய்து பார்த்தான். நிக்காஹ் நல்லபடியாக முடிந்ததாம். ஃபாரூக்கும் வாப்பாவும் ஒரே சஹன் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். நெகட்டிவ் என்று ஆய்வகத்திலிருந்துதானே சொன்னீர்கள் என்கிறானாம்.

யார் சொன்னது?

30, வியாழன்

கபீருக்குக் காய்ச்சல். சோதித்தேன். இரண்டு கோடுகள் ஏறின. எஸ் ஏறவில்லை.

1 ஜனவரி 2022

கபீரைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன்.

3, திங்கள்

ஆய்வக முதலாளி மகாராஜன் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முடிவுகளை ஃபோனில் சொல்வது யார் என்று கேட்டார். வழக்கமாகப் பேச்சிராஜாதான்.

"நிக்காஹுக்கு முன்னால நான் அந்தப் பையன்ட்ட பேசவே இல்லக்கா. நீங்களாவது சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தான்.

அவனாகத்தான் இருக்கும் என்றேன். கிட் டூப்பு என்றவன், கோடு ஏறவில்லை என்றதும் நெகட்டிவ் என்று உளறியிருப்பான் என்று நினைத்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார் அண்ணாச்சி. அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான். பனவடலிசத்திரத்தில் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

கிட்டை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தவள் நான். இவனை?

4, செவ்வாய்

மத்தியானம் கபீர் வீட்டுக்குப் போனேன். ஃபாரூக் உள்ளறையில் தனியாக இருக்கிறான். வாப்பா திரும்பாமல் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று ஜரினாவும் அங்கேயேதான். அன்று பேசியது யார் என்று கேட்டேன். அண்ணனின் ஃபோனை எடுத்து வந்தாள். அதில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகுமாம்.

"கேளுங்க."

"மேடம், ஃபாரூக் ரிசல்ட்டு... எஸ்ஸா?"

"எஸ் இல்லை."

என் குரல். சுகாதார அலுவலகம் என்று நான் நினைத்துக்கொண்ட அழைப்பு. நாள் முழுக்க அதே கேள்வி — யார் பேசுவது என்று கேட்கக்கூட இல்லை. அவன் கேட்டது பாசிட்டிவா என்று. அவனுடைய எஸ் ஆங்கிலத்து எஸ், ஆமாவா என்று. நான் சொன்னதோ ஒரு மரபணுவை. அதற்குப் பிறகும் பதிவு ஒரு நொடி ஓடியது, அவன் இறைவனுக்கு நன்றி சொல்லத் தொடங்குவது: "அல்ஹம்து" — அதோடு என் ரிசீவர் விழும் சத்தம்.

"இது என் குரல்தான்" என்றேன்.

"தெரியும். இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்லா மேடம்."

பதிவை இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.

5, புதன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். "நீங்க இல்லாம லேப் ஓடாது. அவன் போனா போட்டும், இத இப்படியே விட்ருவோம்" என்றார். அப்படியென்றால் நானும் நாளையிலிருந்து வரவில்லை என்றேன். கையை ஆட்டி, "அவனக் கூப்பிட்டுத் தொலைங்க" என்றார்.

நானே ஃபோன் செய்தேன். மன்னித்துக்கொள் என்ற சொல் இந்த வாயிலிருந்து கடைசியாக எப்போது வந்தது? பேச்சிராஜா நீளமாக மூச்சுவிட்டான். "எஸ்க்கா, வாரேன்" என்றான். வேண்டுமென்றேதான் சொன்னான்.

8, சனி

ஃபோனுக்கு மேலே ஒரு தாள் ஒட்டினேன். யார் பேசுவது என்று முதலில் கேட்கவும். நோயாளி என்றால் "கிருமி இருக்கிறது", "கிருமி இல்லை", இந்த இரண்டில் ஒன்றுதான். பேச்சிராஜா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இது யாருக்கு என்றான். எனக்கு என்றேன்.

கபீருக்கு ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்களாம்.

18, செவ்வாய்

சென்னையிலிருந்து முடிவு வந்தது. எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டார்கள்: ஒமிக்ரான். என் ஊகம் சரி. இருபத்தைந்து நாள் கழித்து. கோப்பில் வைத்தேன்.

நேற்று வீடு திரும்பிய கபீரின் மாதிரியைப் பேச்சிராஜா காலையில் எடுத்து வந்திருந்தான். ஒரு கோடும் ஏறவில்லை. மத்தியானம் ஃபோன் அடித்தது. யார் பேசுவது என்று கேட்டேன்.

"கபீரு பேசுதேன். எஸ்ஸா, எஸ் இல்லையா, டாக்டரம்மா?" சிரிப்பா இருமலா, தெரியவில்லை.

திருத்தவில்லை. "உங்களுக்குக் கிருமி இல்லை" என்றேன்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இந்தக் கிருமி இல்லை. வேறே எதையும் நான் பார்க்கவில்லை."

"அது போதும்மா" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கடைசி எழுத்து வரை கேட்டேன். அவர் வைத்த பிறகு வைத்தேன்.