அமைதியாகச் சாகாத ஆண்டகை

அன்பு மகள் தர்ஷினிக்கு,

தேவமாதாவின் காவலில் அப்பாவும் நானும் கோலியர்ஸ் வுட்டில் நலம், மெல்பேர்ணில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். அப்பாவுக்குக் குளிரில் முழங்கால் பிடிக்கிறது, மற்றப்படி குறையில்லை. சின்னவளின் இருமல் விட்டதா?

நம் ஊர் ஆயர் சவிரிமுத்து ஆண்டகைக்கு இங்கே கோயிலில் நினைவுக்கல் வைக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா, போன ஞாயிறு திறந்தார்கள். உன் அருள்நேசன் மாமாதான் கமிட்டித் தலைவர், என் தம்பிதானே என்று நம்பிக் கல்லில் எழுதும் வேலையை அவனிடமே விட்டோம். ஆமி ஊரைப் பிடித்திருந்த காலத்தில் ஆண்டகை ஊர்க் கோயில் வாசலில் குறுக்கே நின்று, என்னைச் சுட்டுப்போட்டு உள்ளுக்குப் போங்கோ என்று சொன்னதையும், அவரை அடித்து இழுத்துப் போனதையும், உடலைக்கூடத் தராததையும் எழுதுவதென்றுதான் பேச்சு. அன்று பீடத்துக்குப் பின்னால் ஒளித்திருந்த பெடியன்களில் உன் மாமாவும் ஒருவன்.

திரையை விலக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். விலக்கினால், "சமாதானத்தின் ஆயர், அமைதியாக இறைபதம் அடைந்தார்" என்று மட்டும் பொன் எழுத்தில் கிடக்கிறது. இது என்னடா என்று உன் மாமாவிடம் மெல்லக் கேட்டேன். அக்கா, நான் ஊரிலை ஹோட்டல் கட்டப் போறன், அங்கத்தை ஆமிப் பெரியாக்களைப் பகைக்க ஏலாது, இப்ப கைதட்டு என்றான். கைதட்டச் சொன்னான் பிள்ளை. நான் மைக்கைப் பிடித்து, ஆண்டகை அமைதியாச் சாகேல்லை, அவர் ஆரைக் காப்பாத்தச் செத்தாரோ அவன் இந்தா நிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். யாரோ மைக்கை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சுசிலாவைத் தவிர ஒருவரும் என்னோடு எழும்பி வரவில்லை. சுவாமியாரைக் கேட்டால், கமிட்டி சொன்னால்தான் கல்லை மாற்றலாம் என்கிறார்.

அதைக்கூடப் பொறுப்பேன். இப்போது அவன் ஸ்ட்ரெதம் வரைக்கும் வீடு வீடாகப் போய், அக்காவுக்கு மறதி வருத்தம் வந்திட்டுது, பாவம் என்று சொல்லித் திரிகிறானாம். அம்மா போன பிறகு நான் ஊட்டி வளர்த்த வாய் அது. நேற்று வந்து மணி அடித்தான், நான் திறக்கவில்லை.

உனக்கும் போன் எடுப்பான், அம்மாவை டொக்டரிடம் காட்டச் சொல்லுவான். சண்டை பிடிக்காதே. ஆண்டகையை இழுத்துப் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் மாமா என்று மட்டும் கேள்.

உங்கள் எல்லோர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். ஞாயிறு பூசையைத் தவற விடாதே.

உன் அம்மா,
மரியநாயகி