கண்ணாடிப் படகும் காக்கிச் சட்டையும்

18 ஜனவரி 1984, புதன்

பனி. எதிர்வீட்டு ஓடு வெகுநேரம் ஈரம்.

எழுத்து கோணல். கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ‘ழ’ போடும்போது வால் அடுத்த வரிக்குள் போய்விடுகிறது. யார் கையிலாவது இந்த நோட்டு அகப்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மில்லில் காலமெல்லாம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட விரல், பேனா அதற்குப் புதுசு. கோயில் ஹாலில் சாயங்கால வகுப்பு எடுக்கும் சிஸ்டர், “தினம் நாலு வரி எழுதுங்க தாத்தா, யாருக்கும் காட்ட வேணாம்” என்றார். காட்டப் போவதில்லை. நாலு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறின டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

செய்தி: மகன் அந்தோணி வந்துவிட்டான். ஞாயிறு வரை லீவு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் சுற்றுலா போய்வரும் கப்பலில் சமையல் வேலை அவனுக்கு. அடுத்த மாதம் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாம் என்று கப்பலில் சொல்லிவிட்டார்களாம். எனக்கும் பிலோவுக்கும் இடம். பிலோ என்றால் பிலோமினா, என் சம்சாரம்.

தீவில் இறங்கினதும் ஆளுக்கு ஒரு சவாரி. எது வேண்டும் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

1. கண்ணாடிப் படகு. அடியில் கண்ணாடி பதித்தது. உட்கார்ந்தபடியே பவளப்பாறை, மீன் எல்லாம் பார்க்கலாம். நனைய வேண்டாம்.

2. முகத்துக்குக் கண்ணாடி, வாய்க்குக் குழாய். தண்ணீரில் குப்புற மிதந்துகொண்டு பார்ப்பது. கூட ஒரு ஆள் வருவார்.

“ரெண்டு பேருக்கும் கண்ணாடிப் படகுன்னு சொல்லிடறேன்பா. வயசான காலத்துல அதான் சரி.”

பிலோ சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“கொழாய் வச்சுக்கினா தலையத் தூக்காமலே மூச்சு வுடலாமா?”

“ஆமாம்மா.”

“அப்போ எவ்ளோ நேரம் வேணாலும் கீழ பாத்துக்கினே இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

மறுபடி சுரண்டினாள். மெதுவாக. சுரண்டின இடத்தையே சுரண்டினாள்.

அவள் பாகூர்க்காரி. சின்ன வயசில் ஏரியை அக்கரை தொட்டுத் திரும்புவாளாம். கிணற்றில் விழுந்த குடத்தை மூழ்கி எடுத்துத் தருவாளாம். மச்சான் சொல்லக் கேட்டது. நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி நெல்லித்தோப்புக்கு வந்தபின் அவளுக்குத் தண்ணீர் என்றால் தெருக்குழாய்த் தண்ணீர். கடல் இருக்கிறது, கரையெல்லாம் பாறையைக் கொட்டி வைத்த கடல், இறங்க முடியாது.

எனக்கு? முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் நெஞ்சு அடைக்கும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

“நீங்க எதுல போறீங்களோ அதுலதான் நானும்” என்று பிலோ முடித்துவிட்டாள்.

ஆகையால் நான் படகு என்றால் அவளுக்கும் படகு. தண்ணீர் என்றால்… இன்று போதும். விரல் வலி.

19, வியாழன்

வெயில். அரிசி வாங்கினேன். கடைப் பலகையை முழுசும் படித்தேன். கடைக்காரர் பெயரில் இரண்டு தப்பு! சொல்லவில்லை.

அந்தோணி பார்க்கக் கொண்டுவந்திருந்தான், ஒரு முகக்கண்ணாடியும் குழாயும். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் ஒத்திகை. முதலில் நான். வேறு வழி தெரியவில்லை. பிலோ ஓரமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதில் மேல் பக்கத்து வீட்டுச் சொல்தாவின் தலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோரும் சொல்தா என்றே கூப்பிடுவோம். பிலோ மட்டும் மரியாதையாக ‘மிசே’ என்பாள், பிரெஞ்சில் ‘ஐயா’ மாதிரி. தைரியம் என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார்.

“கூராஜ், சூசை! கூராஜ்! நல்லா கடிச்சுப் புடி!”

“கடிக்கறதுக்குப் பல்லு வேணாமா மிசே?” என்றாள் பிலோ.

அதுதான் விஷயம். குழாய் முனையில் ரப்பரில் இரண்டு குமிழ். பல்லால் கவ்வ வேண்டும். எனக்கு முன்பல் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஈறில் வழுக்கி வழுக்கிப் போகிறது. தலையைத் தொட்டியில் விட்டதும் தண்ணீர் எல்லாம் வாய்க்குள். இருமி, புரையேறி, சொல்தா “நிறுத்து, நிறுத்து” என்று கத்தி, ஒரே அமர்க்களம்.

அந்தோணி சொன்னான்: “பல்லு இல்லாம முடியாதுப்பா. கவ்வினாத்தான் நிக்கும்.”

“அடடா” என்றேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். உள்ளே ஈஸ்டர் மணி அடித்தது. பல் போனபோது அழுதவன் நான். எதற்குப் போயிற்று என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பிலோ. மாட்டிக்கொண்டு குனிந்து தலையை விட்டாள். எடுக்கவில்லை. நாங்கள் நின்றோம். எடுக்கவில்லை. அந்தோணி பயந்துபோய் “அம்மா?” என்றான். கையை மட்டும் ஆட்டினாள், தொந்தரவு பண்ணாதே என்று. தொட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

கடைசியில் நிமிர்ந்து, “தொட்டியத் தேய்க்கணும். அடியில பாசி” என்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அலமாரி மேல் வைத்தாள்.

“எனக்கும் படகே போதும். அவரு தனியா உக்காந்து என்னா பண்ணுவாரு.”

எனக்கு வந்த நிம்மதி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. அலமாரி மேல் இருந்த கண்ணாடி மேலேயே கண் போயிற்று.

20, வெள்ளி

காற்று. துணி சீக்கிரம் காய்ந்தது.

அந்தோணி வெளியே போயிருந்தபோது கேட்டேன்.

“உனக்குத் தண்ணியில எறங்கணும்னு ஆசை இருக்குதா இல்லியா?”

“ஆசை இருந்தா ஆச்சா? பொடவையக் கட்டிக்கினு எப்படி எறங்கறது? நான் அடியில இருப்பேன், பொடவை மேல மெதக்கும். பவளத்த நான் பாக்கறதா, ஊரு என்னப் பாக்கறதா?”

சாப்பிட்டேன். படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தேன். பாச்சா உருண்டை வாசனை. மில்லில் கொடுத்த காக்கி. முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை நிஜார். ரிடையர் ஆனதிலிருந்து தொடவில்லை. சட்டை முழங்கையில் ஒட்டு, நீலப்பூப் போட்ட துணி. ஒரு தரம் மிஷினில் மாட்டிக் கிழிந்தது. பிலோ தன் பழைய புடவையில் வெட்டித் தைத்தாள். ஃபிட்டர்கள் எல்லாம் சிரித்தார்கள் அப்போது.

கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

“என்னா இது?”

“சட்டை. நிஜாரு.”

“தெரியிது. எதுக்கு?”

நிஜாரை முழங்காலோடு மடித்துக் காட்டினேன். என்னைப் பார்த்தாள், காக்கியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கத்திரி எங்க?” என்றாள்.

நிஜாரை முழங்காலோடு வெட்டினாள். பட்டனை எடுத்துவிட்டு நாடா. நல்ல துணி. கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தோணி திரும்பி வந்து பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

“எங்க ஆபீசருங்க, பயணிங்க எல்லாரும் நிப்பாங்கம்மா. நீ நிஜாரு போட்டுக்கினு வந்தா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?”

“அடுப்பாண்ட வச்சுக்கோ. நீ அங்க ஏப்ரன் கட்டிக்கினு ஊருக்கெல்லாம் சோறாக்கறே. நான் ஒரு வார்த்த கேட்டேனா?”

மதில் மேலிருந்து சொல்தா: “வுடு தம்பி. பிரான்ஸ்ல பாத்திருக்கேன், உங்கம்மா வயசுப் பொம்பளைங்க இதுல பாதி போட்டுக்கினு எறங்குவாங்க.”

“அந்தப் பாதியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மிசே” என்றாள் பிலோ. தலை மதிலுக்குக் கீழே போயிற்று.

அந்தோணி விடவில்லை. “சரி, துணி போவட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் நீ தண்ணியில எறங்கினதே இல்ல. மறந்துபோயிருந்தா? நடுவுல கை ஓய்ஞ்சுட்டா?”

பிலோ நிஜார் நாடாவை இழுத்து முடிந்தாள். பெட்டியைத் திறந்தவன் நான். அவளுக்கு ஏதாவது ஆனால் நான்தான் தள்ளிவிட்டதாக ஆகும்.

21, சனி

விடிந்ததும் மூன்று பேரும் நோணாங்குப்பம். ஆற்றில் பார்த்துவிடுவது என்று அந்தோணி முடிவு. பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. சரியான பஸ்!

ஆற்றுத் தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. கவிழ்த்து வைத்த படகின் மறைவில் புடவையைக் களைந்து காக்கியில் வந்தாள். ஒரு நிமிஷம் யாரோ மில் ஆள் என்று நினைத்தேன். சிலுவை போட்டுக்கொண்டாள். இடுப்பளவு. மார்பளவு. தலை மறைந்தது.

அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. குழந்தையிலிருந்து சொல்கிற செபம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் காக்கியைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் போலீசுக்குக் காக்கியும் சிவப்புத் தொப்பியும்.

“டேய், போலீசு ஒருத்தரு ஆத்துல வுழுந்துட்டாருடா!”

“தொப்பியக் காணோமே? செவப்புத் தொப்பி எங்கனா மெதக்குதா பாரு!”

அப்போது தலை வந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை, வெகுதூரம் தள்ளி.

“தொப்பி வூட்டுல இருக்குது. போய் எடுத்துக்கினு வா!”

பெண் குரல் கேட்டு அவர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

நடு ஆற்றில் கட்டியிருந்த படகைத் தொட்டாள். திரும்பினாள். அவசரம் இல்லை, தண்ணீரை அடிக்கவும் இல்லை. நகர்ந்து வந்தாள், அவ்வளவுதான். அந்தோணி செருப்போடு தண்ணீரில் இறங்கிக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமலே ஏறி வந்தாள்.

“கொஞ்சம் மூச்சு வாங்குது. அவ்ளோதான்.”

நான்தான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். “நீங்களா நீஞ்சினீங்க?” என்று கேட்டாள்.

நெல்லித்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தோணி: “அம்மா, முழங்கையில அந்த நீல ஒட்டு பிரிஞ்சிருக்குது. கப்பல் ஏர்றதுக்குள்ள தச்சுடு.”

இரட்டை நூலில் தைக்கிறாள், நான் இதை எழுதும்போது.

22, ஞாயிறு

பூசை. ஆட்டுக்கறி. அந்தோணிக்குத் துணி மடித்துக் கொடுத்தேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டான். “சொல்லுங்கப்பா. என்னான்னு பேரு குடுக்கட்டும்?”

“அம்மா தண்ணிக்கு. நான் கண்ணாடிக்கு.”

பிலோ: “நீங்க தனியாவா?”

“மேலேருந்து உன்னப் பாத்துக்கினு இருக்கறேன்.”

“அவ்ளோ பெரிய கடல்ல நான் எங்க இருக்கறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதை நான் யோசிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

13 பிப்ரவரி, திங்கள்

நேற்றுத் திரும்பினோம். தரை இன்னும் ஆடுகிறது. சொல்தா, “ரெண்டு நாள் ஆடும், அப்புறம் அது ஆடலியேன்னு இருக்கும்” என்றார்.

கப்பல், சாப்பாடு (அந்தோணியின் மீன் வறுவல், உப்பு கம்மி), பாட்டி ஒருத்தி வாந்தி, எல்லாம் பிறகு. முதலில் அந்தச் சவாரி.

தீவை ஒட்டின கடல் பச்சை. குளம் மாதிரி அசையாமல். காக்கி போட்ட பிலோவைக் கப்பல் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு ஆபீசர் அந்தோணியிடம் ஏதோ கேட்டார். “எங்கம்மா சார்” என்றான். சத்தமாகத்தான் சொன்னான். அவள் கூட வரும் ஆளோடு ஒரு பக்கம் போனாள். நான் படகில் ஏறி, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக்குக் கீழே: கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஒன்று. மான்கொம்பு மாதிரி ஒன்று. ஆட்டு மூளை மாதிரி பெரிய உருண்டை. நடுவில் மீன்கள், யாரோ வர்ணம் அடித்துக் காயுமுன் விட்டுவிட்டது போல. பலகையைப் பிடித்திருந்த கையை எப்போது விட்டேன் என்று தெரியாது.

தலையைத் தூக்கித் தூரத்தில் தேடினேன். தண்ணீர் மேல் குழாய்கள். எல்லாம் ஒரே மாதிரி. எது பிலோ? அவள் கேட்டது சரிதான். மனசு கொஞ்சம் சங்கடமாயிற்று.

மறுபடி குனிந்தேன். பக்கத்தில் இருந்தவர் மலையாளத்தில் கூவினார். பெரிசாக ஏதோ வருகிறது. மங்கலாக, மண் நிறத்தில். அம்மாள் ஒருத்தி காலைத் தூக்கிக்கொண்டாள்.

முழங்கையில் நீலப்பூ.

நேராகக் கண்ணாடிக்குக் கீழே வந்து மல்லாந்தாள். குழாய் வாயில் இல்லை. விரலை மடித்துக் கண்ணாடியில் இரண்டு தட்டு. சந்தைக்குப் போய்விட்டு வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுவாளே, அந்தத் தட்டு. படகில் எல்லோரும் என் பக்கம் சாய்ந்தார்கள், படகும் சாய்ந்தது. எனக்குப் பயம் வரவே இல்லை. நானும் இரண்டு தட்டு தட்டினேன். அவள் சிரித்தாள். வாயிலிருந்து குமிழி குமிழியாய்க் கண்ணாடி முழுக்க. மறைந்துவிட்டாள்.

படகுக்காரர் திட்டினார். கூடப் போன ஆளும் அவளைத் திட்டினாராம், படகுக்கு அடியில் போகக் கூடாதாம். திட்டட்டும்.

திரும்பும் ரயிலில் பிலோவைக் கேட்டேன். “நாலஞ்சு படகு நின்னுதே. நான் இதுலதான்னு எப்படிக் கண்டுபுடிச்சே?”

“அடியிலேருந்து பாத்தா எல்லாரும் வாய மூடிக்கினு பாக்கறாங்க. ஒரு வாயி மட்டும் பல்லில்லாம தொறந்துக்கினு இருந்துது.”

கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்: “பல்லு இருந்திருந்தா அன்னிக்கு என்னா சாக்கு சொல்லியிருப்பீங்க?”

“காது வலின்னு.”

“நெனச்சேன்” என்று வெற்றிலைப் பையைத் திறந்தாள்.

காக்கி கொடியில் காய்கிறது. மூன்று முறை அலசியும் உப்பு போகவில்லை. போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு மீனின் நிறத்தை எழுத உட்கார்ந்தேன். நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. அதற்கு என்ன வார்த்தை என்று வியாழன் வகுப்பில் சிஸ்டரைக் கேட்க வேண்டும். தெரிந்ததும் அடுத்த வாரம் அந்த மீனை இங்கே எழுதிவிடுவேன். இந்த இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்.