மெதுவாப் பேசு, லவி

நீலசந்திரா, பெங்களூரு
12 மே 2024, ஞாயிறு

தருண்,

'அன்புள்ள' போடலாமா கூடாதா என்று சமரச மையத்து மேடத்திடமே கேட்டேன். "அது உங்க இஷ்டம்மா. போன் மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற லட்சணத்த நானே ஸ்பீக்கர்ல கேட்டுட்டேன்" என்றார். போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

விவாகரத்து மனுவுக்கு ஆறு மாதம் காத்திருக்கவேண்டும், அதுவரை மாதம் ஒரு கடிதம் கையால் எழுதித் தபாலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். தமிழில் எழுதலாம் என்றது நான்தான். இங்கிலீஷ் என்றால் நாம் இருவரும் ஆபீஸ் மெயில்தான் எழுதுவோம். என் தமிழ் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படித்த தமிழ். நடுவில் 'மெய்யாகவே' என்று வந்தால் சிரித்துத் தொலைக்காதே.

அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னை விசாரித்தாள். "அந்தப் பையன் சாப்பிடுறானா?" என்று கேட்டாள். அவனுக்கு ஆப் இருக்கிறது, சாப்பிடுவான் என்றேன்.

நான் மொட்டைமாடி அறையில் தினமும் சாயங்காலம் பயிற்சி செய்கிறேன். எதிர்வீட்டு ஐரின் ஆன்ட்டி துணி எடுக்க வரும்போது, "இன்னிக்கு தொண்ட நல்லா திறந்திருக்குடி" என்று மார்க் போட்டுவிட்டுப் போகிறாள். உன் ஹூடி அபார்ட்மெண்டில் இதே குரலுக்கு அசோசியேஷன்காரர்கள் மூன்று முறை செக்யூரிட்டியை அனுப்பினார்கள். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் நீ அவர்கள் குரூப்பில், 'மன்னிக்கவும், என் மனைவி இனி வீட்டில் பாடமாட்டார்' என்று போட்டாயே, அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா? அதைப் படித்த அன்றே பெட்டியைக் கட்டினேன்.

விசேஷம் ஒன்று. எங்கள் 'லூஸ் ஸ்லாப்' பேண்டின் முதல் கேசட் வரப்போகிறது. இந்தக் காலத்தில் கேசட்டா என்று கேட்காதே, ஹார்ட்கோர் இசை ஆட்களுக்கு அதில்தான் மரியாதை. ஏழு பாட்டு. முதல் பாட்டு எது என்று உனக்குத் தெரியும்.

லவினா


ஹூடி
9 ஜூன் 2024

அன்புள்ள லவி,

நான் போட்டுவிட்டேன்.

இங்கே நலம் என்று எழுத வேண்டும் என்று தெரியும். பொய் எழுதக் கூடாது என்று மேடம் சொன்னதால் விட்டுவிடுகிறேன். அம்மா போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து, உன் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்.

உன் முதல் பாட்டு எது என்று எனக்கு மட்டுமா தெரியும்? ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். 'மெதுவாப் பேசு' வீடியோவை ஹரிஷ்குமார் எங்கிருந்தோ கண்டுபிடித்து டீம் குரூப்பில் போட்டுவிட்டான். இப்போது காலை மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் போதும், நாலு மூலையிலிருந்தும், "மெதுவாப் பேசு!" என்று கத்துகிறார்கள். தமிழ் தெரியாதவர்களும் கத்துகிறார்கள். லக்னோகாரன் ஒருவன் என்னிடம் வந்து அதற்கு அர்த்தம் கேட்டான். நானே சொல்லிக்கொடுத்தேன், லவி. அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

கேலிக்குக்கூட நான் பயப்படவில்லை. அது நான் உன்னிடம், உன்னிடம் மட்டும், காதருகே சொன்ன வார்த்தை. அதை நீ எடுத்து நூறு பேர் வாயில் போட்டுவிட்டாய். விருந்தில் என் மேனேஜர் இருக்கும்போது சொன்னேன், ஹோட்டலில் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

நேராகவே கேட்கிறேன். மனுவை வாபஸ் வாங்கிவிடலாம். நீ வந்துவிடு. பயிற்சிக்கு எங்கேயாவது நல்ல ஸ்டூடியோ பார்த்துத் தருகிறேன். பேண்டை விடு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்த ஒரு பாட்டை மட்டும் கேசட்டிலிருந்து எடுத்துவிடு. இனிமேல் மேடையில் பாடாதே. ஏழில் ஒன்று போனால் ஆறு இருக்கிறது. நான் கேட்பது அதிகமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தருண்


நீலசந்திரா
14 ஜூலை 2024, ஞாயிறு

தருண்,

அதிகம்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். லக்னோகாரனுக்குப் பாடம் நடத்தின இடத்தில் அம்மா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். பிறகு கடைசிப் பத்தியைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. 'ஏழில் ஒன்று' என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன கத்தரிக்காயா, ஒன்று சொத்தை என்றால் எடுத்துப் போட?

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

எங்கள் கோவில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வயதிலிருந்து பாடினேன். "லவினா, நீ பின்வரிசைக்குப் போம்மா" என்பார் மாஸ்டர். போவேன். "இன்னும் பின்னாடி" என்பார். அதற்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. கடைசியில் காணிக்கைப் பை எடுக்க விட்டுவிட்டார்கள். கல்லூரி மூன்றாம் வருடம் கம்மனஹள்ளியில் ஒரு ஹாலில் ஞாயிறு மத்தியானம் கச்சேரி என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு பேண்ட். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பாடுகிறவன் மைக்கைக் கீழே நீட்டுகிறான், கூட்டம் மேலே ஏறி விழுந்து அதில் கத்துகிறது. கீழே விழுந்தவனை நாலு கை தூக்கி நிறுத்துகிறது. அங்கே யாரும் யாரையும் பின்வரிசைக்குப் போகச் சொல்லவில்லை. எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

டெஸ்மண்ட் அப்போது டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லாத பேண்டுக்கெல்லாம் அடித்துக்கொண்டிருந்தான். "பாட வருமா?" என்று கேட்டான். "கத்த வரும்" என்றேன். "அது போதும் மச்சி" என்றான். இப்படித்தான் ஆரம்பம். முதல் இரண்டு வருடம் இங்கிலீஷில் கத்தினேன். யாரோ அமெரிக்கப் பையன்களின் கோபத்தை இரவல் வாங்கிக் கத்தினேன். இறங்கி வந்தால், "பொண்ணுன்னு பார்த்தா பரவால்லையே" என்பார்கள். பெண் என்று பார்க்காவிட்டால்? தமிழில் பாட ஆரம்பித்ததும் ஒருவன், கன்னடத்தில் பாடச் சொல்லி, "கன்னட ஹாடு!" என்று குரல் விட்டான். ஹாடினேன். நடைபாதைக் கல் ஆடுவதைப் பற்றி எட்டு வரி. இன்றைக்கு அவன்தான் முன்வரிசையில் முதல் ஆள்.

பகலெல்லாம் தொம்மலூர் ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் கஸ்டமரிடம் சாந்தமாகப் பேசுகிறார்களா என்று கேட்டு மார்க் போடுகிறேன். அதுதான் என் சம்பளம். மீதி நேரமாவது என் குரல் எனக்கு வேண்டும்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். உன் மேனேஜர் விருந்தும் இல்லை, ஹோட்டலும் இல்லை. அதற்கெல்லாம் நான் பாட்டு எழுதமாட்டேன், திட்டிவிட்டு மறந்துவிடுவேன்.

அப்பா செத்த மறுநாள். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம். பெட்டியை இறக்கினார்கள். எங்கள் அப்பா யார்? பங்குத் திருவிழாவில் ஹவுசி விளையாட்டுக்கு நம்பர் கூப்பிடுகிற தியோடர். அவர் "டூ ஃபேட் லேடீஸ், எயிட்டி எயிட்" என்றால் மைக் இல்லாமலே ஆஸ்டின் டவுன்வரை கேட்கும். எங்கள் வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த மனுஷனை மண்ணுக்குள் வைக்கிறார்கள், நான் "அப்பா"ன்னு கத்தினேன். எனக்கு எவ்வளவு குரல் உண்டோ அவ்வளவும் எடுத்துக் கத்தினேன். இரண்டாவது முறை கத்த மூச்சை இழுத்தபோது நீ என் தோளைப் பிடித்தாய். காதருகே, "மெதுவா, லவி. எல்லாரும் பாக்குறாங்க" என்றாய்.

நான் நிறுத்திவிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, உன்னையும் சரி, என்னையும் சரி. மண் போட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டு அங்கிருந்து வந்தது. கேசட்டில் முதலாவதாக வரும். மேடையில் கடைசியாக வரும். என் தொண்டை இருக்கும்வரை வரும். இதற்காகக் கல்யாணம் போகவேண்டும் என்றால், மெய்யாகவே சொல்கிறேன், போகட்டும்.

லவினா


ஹூடி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள லவி,

ஆகஸ்ட் மாதக் கடிதம் வரவில்லையே என்று மேடம் போன் செய்து திட்டினார். நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

எனக்கு நினைவு இருக்கிறது. நான் சொன்னது நினைவு இருக்கிறது. நீ நிறுத்தியது நினைவு இல்லை. உனக்கு ஆறுதல் சொன்னதாகவே இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்!

சாக்கு சொல்கிறேன் என்று நினைக்காதே. எங்கள் வீட்டில் அப்பா குரல் உயர்ந்தால் அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். அதற்குப் பிறகுதான் அடி விழும். சத்தம் என்றாலே அடுத்து என்ன வரும் என்றுதான் எனக்குத் தோன்றும். நீ சத்தமாகச் சிரித்தால்கூட என் கை ஜன்னலைத் தேடும். இதை உன்னிடம் ஏழு வருடத்தில் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு உங்கள் கேசட் வெளியீட்டுக்கு வந்தேன். நீ பார்க்கவில்லை. பின்னால் கேசட் விற்றுக்கொண்டிருந்த உத்தமன் பார்த்தான், உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கடைசிப் பாட்டுக்கு நீ மைக்கை நீட்டினாய். அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு என் வார்த்தையைக் கத்தினார்கள். அந்த ஹாலில் வாயை மூடிக்கொண்டு நின்றது நான் ஒருவன்தான். என்னைக் கேலி செய்வதாக இதுவரை நினைத்திருந்தேன். அங்கே ஒரு பெண் கண்ணில் தண்ணீரோடு கத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் யார் அதைச் சொன்னார்களோ, எந்த இடத்தில் சொன்னார்களோ.

பாட்டை எடு என்று கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்டோபர் இருபத்தொன்று கோர்ட்டில் உன் முடிவு எதுவோ அதுவே என் முடிவு. நீ சம்மதம் என்றால் நானும் சம்மதம் என்பேன். இனி உனக்கு எந்த இடைஞ்சலும் தரமாட்டேன்.

மன்னித்துவிடு.
தருண்


நீலசந்திரா
24 அக்டோபர் 2024, வியாழன்

தருண்,

நீ எழுதியது ஒன்று, செய்தது ஒன்று. மூன்று நாளாக எனக்கு ஆறவே இல்லை.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று நானே உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் உன் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது. என்னை முதலில் கேட்டார்கள். "சம்மதம்" என்றேன், கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி. அடுத்து உன்னைக் கேட்டார்கள். நீ உன் சட்டைப் பட்டனிடம் ஏதோ சொன்னாய். "ஜோராகி ஹேளி!" என்று சத்தமாகச் சொல்லச் சொன்னார் கோர்ட் கிளார்க். மறுபடியும் பட்டனிடமே பேசினாய். "ஸ்வாமி, ஜோராகி!" என்று அவர் மேஜையைத் தட்டினார். அதற்குப் பிறகு ஒரு குரல் வந்தது பார், நம் வக்கீல் கையிலிருந்த ஃபைலே விழுந்துவிட்டது.

"இல்ல சார்! எனக்கு சம்மதம் இல்ல! எனக்கு இவ வேணும்!"

கன்னடமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, பச்சைத் தமிழில். வெளியே வராந்தாவில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சம்மதம் இல்லை என்றால் மனு நிற்காது என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அங்கேயே பிடித்து உலுக்கியிருப்பேன். மறுபடியும் என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டான், அசோசியேஷன் குரூப்பில் போட்ட மாதிரியே என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "அது உன்னப் பத்தி பேசினது. இது அவன் அவனப் பத்தி பேசினது" என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். அம்மா சொல்வது சரிதான். ஆனாலும் கோபம் போகவில்லை, அதையும் தெரிந்துகொள்.

உன் வீட்டு ஜன்னல் விஷயம் படித்து அழுதேன். சின்ன வயது தருணை நினைத்து அழுதேன். அதற்காக நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழமாட்டேன். ஹூடிக்கு வரமாட்டேன். பேண்ட் இருக்கும், பாட்டு இருக்கும். டிசம்பரில் ஷில்லாங் போகிறோம், அங்கேயும் அதைப் பாடுவேன். இதில் எதையும் பேசித் தீர்க்க வேண்டாம், தீர்ந்தாயிற்று.

ஜூனில் நீ எனக்கு ஒரு நிபந்தனை போட்டாய். இப்போது என் முறை.

நவம்பர் இரண்டு சனிக்கிழமை, கல்லறைத் திருநாள். காலைப் பூசை முடிந்து அம்மாவும் நானும் அப்பா கல்லறைக்குப் போகிறோம். ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாக அங்கேதான் இருக்கும். அன்றைக்குப் பாதியில் விட்ட அழுகையை அங்கே அழப் போகிறேன். முழுதாக, என் குரலில். எல்லாரும் பார்ப்பார்கள். நீ வந்து என் பக்கத்தில் நில். தோளைத் தொடாதே. கர்ச்சீப் நீட்டாதே. நான் முடிக்கும்வரை ஒரு வார்த்தை சொல்லாதே.

நிற்க முடிந்தால் அப்படியே எங்களோடு வீட்டுக்கு நடந்து வா, அம்மா ஆப்பத்துக்கு மாவு கரைத்து வைப்பாள். முடியாது என்று தோன்றினால் வரவே வேண்டாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன். புது மனு எழுதிக்கொள்ளலாம்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அழத்தான் போகிறேன்.

லவினா தியோடர்