கண்ணாடி கட்டிய படகு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், உள்ளங்கை இரண்டு, இடுப்பு, கழுத்து, வலது முழங்கால் இவற்றைச் சேர்க்காவிட்டால். நீயும் சுகம் என்று போனில் சொல்லுகிறாய், எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுகிறாய், நம்புவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. படகு விஷயத்தை நீ கேட்டபோது உன் அப்பா போனைப் பிடுங்கித் தன் வீரப் பிரதாபத்தை மட்டும் அளந்துவிட்டார். நடந்தது என்ன என்று நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

டிரைவர் மாமாவின் வீட்டு அத்தை போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு மாமா என்ன ஆனார் என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிப்பது என்றுதான். நம் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் இல்லாததால் வாரம் மூன்று நாள் மாமா ஓட்டின பஸ்ஸிலேயே, அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, ஆற்றோரமாகவே அறுபது கிலோமீட்டர் போய் வந்தாள் அத்தை. ஒருநாள் போனவள் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். அந்த மாதமே மாமாவுக்கு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு ஜன்னலோரம் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவர், அவ்வளவுதான். கேட்டால் ஒரு ம், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. முப்பது வருடம் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்த உன் அப்பா தினமும் போய் எதிரில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் ஒப்பித்துவிட்டு வருவார். ஒருநாள் வந்து, இப்படியே விட்டா அவன் இந்த வருஷம் தாண்டமாட்டான், எப்படியாவது அந்த நாற்காலியில இருந்து கிளப்பணும் என்று சொல்லி அழுதுவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது இரண்டே தடவை, முதல் தடவை நீ விமானம் ஏறின அன்று. சரி, கிளப்புங்கள் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

அவர் கிளப்பின விதத்தைக் கேள். நம் ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷின் வாங்குவதற்காகப் படகுப் பயணம் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததாம். இரண்டு இரண்டு பேராகத் துடுப்புப் போட்டு மூன்று நாளில் ஆறு முடிகிற ஊர்வரை, அதாவது அதே அறுபது கிலோமீட்டர், போக வேண்டும். உன் அப்பா யாரையும் கேட்காமல் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியிராத மகா மாலுமி! நீந்தத் தெரியுமா என்ற இடத்தில் ஓரளவு என்று எழுதினாராம். ஓரளவு என்றால் கணுக்காலளவு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். மாமாவிடம் என்ன சொன்னார் தெரியுமா, நீ வரலன்னா நான் தனியாத்தான் போவேன், போனா திரும்பமாட்டேன், உன் தங்கச்சிக்கு நீயே பதில் சொல்லிக்கோ என்று. மாமா எழுந்து சட்டையை மாட்டினாராம்.

முதல் நாள் பயிற்சிக்கு நானும் போனேன், யாராவது ஒருத்தர் உயிரோடு திரும்பி வந்து சொல்ல வேண்டுமே. துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், அதுதான் முறை. உன் அப்பா பாவம், சொன்னபடி உட்கார்ந்தார். மாமா முன்பக்கம் பார்த்தே உட்கார்ந்தார். ஆளுக்கொரு துடுப்பு, ஆளுக்கொரு திசை, இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து இழுக்கிறார்கள், படகு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பயிற்சி கொடுக்கிற பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா திரும்பி உட்காரச் சொல்ல, மாமாவுக்கு வந்ததே கோபம்! பின்னாடி பாத்துக்கிட்டு எவன்டா வண்டி ஓட்டுவான், எதிர்ல என்ன வருதுன்னு தெரியாம ஒரு அடி நகர்த்தமாட்டேன், என் சர்வீஸ்ல ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல என்று ஆறே அதிரக் கத்தினார். அத்தை போனதிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு அதுதான். உன் அப்பா வீட்டுக்கு வந்து, இன்னைக்கு அவன் என்னைய எப்படித் திட்டினான் தெரியுமா என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். திட்டு வாங்கி இவ்வளவு பூரித்த மனுஷனை நான் கண்டதில்லை.

மறுநாள் காலையில் என் தையல் அறையில் கண்ணாடியைக் காணோம். அளவு பார்க்க வருகிறவர்கள் முதுகுப் பக்கத் தையலைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்தேனே, அதைக் கழற்றிப் படகின் ஓரத்தில் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள். மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்த்து ஓட்டுவாராம். உன் அப்பா கழுத்தில் பழைய விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. இரண்டு விசில் வராமல் மாமா துடுப்பைத் தொடமாட்டார். என் வாடிக்கையாளர்கள் முதுகில் தையல் கோணலா நேரா என்று என் வாய்ச்சொல்லையே நம்பிப் போனார்கள்.

பயணம் தொடங்கின அன்று நான் வழியனுப்பப் போகவில்லை. எனக்குக் கோபம், பயமும்தான், உன்னிடம் என்ன மறைப்பது. மற்ற படகெல்லாம் ஒழுங்காகப் போக, நம் ஆட்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? கரையில் ஊர் ஊருக்கு ஜனங்கள் நின்று உற்சாகமாகக் கையைக் காட்டியிருக்கிறார்கள். கை காட்டின ஆளை விட்டுவிட்டுப் போனதே இல்லை என்பது மாமாவின் சர்வீஸ் பெருமை. கை தெரிந்த இடத்திலெல்லாம் படகைக் கரைக்குத் திருப்பிவிட்டார்! உன் அப்பாவும் சும்மா இருந்தாரா, ஒரு விசில் அடித்து நிறுத்தி, வந்தவர்களிடம் மெஷினுக்கு நன்கொடை கேட்டு, மறுபடி இரண்டு விசில். நடத்துகிறவர்கள் மோட்டார் படகில் பின்னாலேயே வந்து, ஐயா அவங்க சும்மா டாட்டா காட்டுறாங்க என்று கெஞ்சியும் பலனில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சாயங்காலம் ஐந்து மணிவரை இந்த இரண்டு பேரையும் காணோம்.

நான் கடைசித் துறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். இவர்களைப் பார்க்கப் போகவில்லை, என் கண்ணாடி பத்திரமா என்று பார்க்கத்தான் போனேன், அதை எழுதிவைத்துக்கொள். படகு வளைவில் திரும்பி வந்தது. கூப்பிடு தூரத்தில் அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் சட்டென்று புரிந்தது. துறைக்கு நேர் மேலே அத்தை போய் வந்த அந்த ஆஸ்பத்திரி, குட்டி. மாமா கண்ணாடியில் அந்த வாசலைப் பார்த்துவிட்டார். துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். உன் அப்பா இரண்டு விசில் அடித்தார், அசையவில்லை. திரும்ப அடித்தார். மூன்றாம் தடவை ஊதக் காற்று இல்லை அவருக்கு, விசிலைக் கீழே விட்டுவிட்டு மாமா முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்க்காற்றில் படகு மெல்லப் பின்வாங்கிப் போகிறது. இந்த மனுஷன் இப்போது திரும்பினால் அந்த நாற்காலிக்குத்தான் போவார், இனி எழுந்திருக்கவே மாட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் படிக்கட்டின் ஓரத்துக்கு ஓடினேன். பையை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, கையை நீட்டிக் காட்டினேன். கை வலிக்க வலிக்கக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தலை நிமிர்ந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்திருப்பார். துடுப்பை எடுத்தார்.

படகு என் காலடியில் வந்து இடித்தது. மாமா என் முகத்தைப் பார்த்து, எங்க போகணும் தங்கச்சி, ஏறுங்க, லேட்டாயிடுச்சு என்றார். எவ்வளவோ திட்டுவதற்கு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வீட்டுக்குண்ணே என்றேன். ஏறுவதற்குப் பதிலாக அவர்களை இறக்கி, ஆஸ்பத்திரி வாசல் வழியாகவே மேலே நடந்தோம். அங்கே மாமா ஒரு நிமிஷம் நின்றார், பிறகு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மெஷின் அடுத்த மாதம் வருகிறதாம். மாமா இப்போது தினமும் காலையில் காபிக்கு இங்கே ஆஜர், உன் அப்பாவுக்கு விசில்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை என்று முறையிட்டுவிட்டு அவர் பங்கு பேப்பரையும் பிடுங்கிப் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் தரமாட்டாராம், அடுத்த வருடமும் வேண்டுமாம். அடுத்த வருடமும்!

நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. நீ எந்தத் தண்ணீரிலும் இறங்காமல், எதிலும் குறைவில்லாமல், நூறு வருடம் நன்றாக இரு என்று எங்கள் மூன்று பேரின் ஆசீர்வாதம். நீ வந்து இரண்டு வருடமாகிறது என்பதை ஞாபகப்படுத்த வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார், அதனால் ஞாபகப்படுத்தவில்லை. கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கண்ணாடியைப் பறிகொடுத்த உன் அம்மா