அடுப்படி ரெகுலேட்டர்

தை 8, காலை 7.00
செவ்வாய்க் கிரகம், கீழ வரிசை, ஒன்பதாம் வீடு. எழுதுவது பஞ்சவர்ணம். ஐந்தாவது வரை படித்தவள். வீட்டில் நடப்பதை வீட்டுப் பதிவில் எழுதி வைத்தால் பின்னால் குடிவருகிறவர்களுக்கு உதவும் என்று கம்பெனியில் சொன்னார்கள். எழுதுகிறேன்.

இன்று பால் காய்ச்சினோம். பொடிப் பால்தான். வெளியே மைனஸ் எழுபது. உள்ளே தரைக்கு அடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அடுப்படி, கூடம், படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர். அடுப்படி அக்னி மூலையில் இருக்கிறது. முதல் பிளானில் அந்த இடம் படுக்கையறையாம். வரிசையில் எல்லாரும் வாஸ்து கேட்டதால் சூப்பர்வைசர் குணசீலன் எல்லா வீட்டிலும் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தார். “சூரியனே பட்டாணி மாதிரி தெரியுற ஊர்ல அக்னி மூலை எங்கடி இருக்கு” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

தை 9, மாலை 5.30
படுக்கையறை சூடாகவில்லை. அடுப்படி கொதிக்கிறது. வரிசை ரேடியோவில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.
“புது வீடு இல்லியாக்கா? பைப்புல காத்து நிக்கும். சுவத்தோரம் ஒரு திருகாணி இருக்கும், அதத் தெறந்து காத்த விடுங்க. தன்னால சரியாயிரும்.”
திறந்தேன். உஸ் என்று காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. மூடினேன். அறை அப்படியேதான் இருக்கிறது.

தை 12, பகல் 12.15
மறுபடி கூப்பிட்டேன். படுக்கையறை ரெகுலேட்டரைக் கூட்டி வைக்கச் சொன்னார். கூட்டினேன். அடுப்படித் தரையில் கால் வைக்க முடியவில்லை. அதையும் சொன்னேன்.
“அடுப்படின்னா சுடத்தான செய்யும்? குளுரணும்னா எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ள வந்து சமைங்க.”
வரிசை ரேடியோ எல்லா வீட்டிலும் கேட்கும். பக்கத்து வீட்டு மாரீஸ்வரியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தை 15
என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார்.

தை 16, காலை
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.
பனி வெட்டும் வேலை முடிந்து காய்ச்சலோடு வந்தார். எழுப்பாதே என்று சொல்லிவிட்டுப் படுத்தார். வரிசைக்கு மதியச் சாப்பாடு அன்று என் முறை. பெரிய அடுப்பு எரிந்தது, தரையும் சுட்டது. வேர்வை கண்ணில் வழிந்தது. அடுப்படி ரெகுலேட்டரைக் குறைத்தேன். சூடு இன்னும் ஏறியது. முழுக்கக் குறைத்தேன்.
கஞ்சி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். போர்வை பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அவருடைய ரெகுலேட்டர் கடைசிவரை கூட்டி இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

தை 20, காலை 10.00
கம்பெனி ரேடியோவில் வாசித்தார்கள். வாசித்தது குணசீலன்.
“காய்ச்சல் மயக்கத்தில் தவசி தானே ரெகுலேட்டரைக் குறைத்துள்ளார். வீட்டில் பழுது எதுவும் இல்லை.”
அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அந்த ஆள் சொன்னார். பொய்க்கு நடுவில் வைத்துச் சொன்னார்.

மாசி 3, காலை 8.40
எல்லா ரெகுலேட்டரையும் அணைத்து வீட்டை ஆற விட்டேன். பிறகு அடுப்படி ரெகுலேட்டரை மட்டும் கூட்டிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அடுப்படித் தரை சில்லென்று இருந்தது. படுக்கையறைத் தரை சுட்டது. அதை அணைத்துவிட்டுப் படுக்கையறை ரெகுலேட்டரைக் கூட்டினேன். அடுப்படி சுட்டது.

வாஸ்துவுக்காக அறையை மாற்றியவர், சுவரில் ரெகுலேட்டர் பெட்டியையும் மாற்றி மாட்டினார். பெட்டியிலிருந்து தரைக்குள் குழாய்க்குப் போகிற கம்பியை மாற்றவில்லை. பழைய பிளான்படியே ஓடுகிறது.

அப்படியானால் அன்று அவர் குளிருக்குக் கூட்டக் கூட்ட எனக்குச் சுட்டிருக்கிறது. எனக்குச் சுட்டது என்று நான் குறைக்கக் குறைக்க அவருக்கு

மாசி 3, பகல் 1.00
குணசீலனிடம் ரேடியோவில் சொன்னேன்.
“ஒங்களுக்கு மனசு சரியில்லக்கா. அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும் சம்பந்தமே இல்ல. நல்லாத் தூங்கி எந்திரிங்க.”
மாரீஸ்வரி: “விடு பஞ்சு. போனவரு திரும்பியா வரப்போறாரு?”
மாரீஸ்வரி வீட்டிலும் அதே அக்னி மூலைதான். பிள்ளைகள் படுக்கையறையில் தூங்குகிறார்கள்.

மாசி 6, மாலை 4.20
அழுவதை நிறுத்தியாகிவிட்டது. ரேடியோவில் குணசீலனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினேன். “வீட்டைக் காலி பண்ணிர்றேன் சார். தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து தரையத் தோண்டிப் பாக்கப்போறாங்களாம்.” அப்படி யாரும் வருவதாக இல்லை.
“யாரையும் தொட விடாதீங்க. காலையில நானே வந்து பாத்துடறேன்.”
வருவார் என்று தெரியும்.

மாசி 7, காலை 9.10
குணசீலன் தனியாக வந்தார். வெளிக் குளிருக்குப் போடுகிற சட்டையைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்தார். கையில் கருவிப் பை, இடுப்பில் ரேடியோ. “சுவர உடைச்சா தூசி பறக்கும், நீங்க உள்ள வராதீங்க” என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.
அந்தக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். பெரிய அடுப்பைப் பற்றவைத்தேன். அண்டாவில் பருப்பைப் போட்டேன். அடுப்படி ரெகுலேட்டரை முழுக்கக் குறைத்தேன்.

மாசி 7, காலை 9.50
“அக்கா, கதவு மாட்டிக்கிச்சு போல.”
எனக்கு வேர்க்கிறது. உள்ளே அந்த ரெகுலேட்டரைக் கூட்டுகிறார்.

மாசி 7, காலை 10.25
“ஏய், வெளையாடாத. கைய மடக்க முடியல. கதவத் தெற.”
இடுப்பு ரேடியோவில் பேசுகிறார், வரிசையில் எல்லாருக்கும் கேட்கிறது. மாரீஸ்வரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர் வந்த பிறகு வெளியே புழுதிக் காற்று கிளம்பிவிட்டது. இங்கே வர யாராலும் முடியாது.
நான் கேட்டது ஒன்றுதான். “என்ன செஞ்சா அந்த ரூம் சூடாகும் சார்?”
பல் அடிக்கிற சத்தம் கேட்டது.

மாசி 7, காலை 10.40
“அக்கா… அடுப்படி ரெகுலேட்டரக் கூட்டுக்கா. அடுப்படியில இருக்கத. அதக் கூட்டுனாத்தான் இங்க சூடாகும். எனக்குத் தெரியும்க்கா, அன்னிக்கே தெரியும். ஒம்பது வீட்டையும் மறுபடி தோண்டச் சொல்லுவாங்கன்னு பயந்து… கூட்டுக்கா… தாயே…”

பிறகு ரேடியோவில் மாரீஸ்வரி.
“எங்க வீட்டுல கூட்டிட்டேன் பஞ்சு. புள்ளைங்களத் தூக்கிக் கூடத்துல போட்டுட்டேன். எல்லாரும் கேட்டாச்சு. போதும்டி, கதவத் தெற.”

மாசி 7, காலை 10.55
தட்டுகிற சத்தம் குறைந்துவிட்டது
மாரீஸ்வரி அழுகிறாள் தெற தெற என்று
கை ரெகுலேட்டர் மேல்தான் இருக்கிறது
பருப்பு இன்னும் வேகவில்லை