ஏழாவது லெவலில் சத்தம் மாறவில்லை

புதன்கிழமை, இரவு

இன்று தேவதானம் போய் வந்தேன். குழியில் விழாமல் பந்தை உருட்டிப் போகும்படி நான் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி அந்த ஊர் ஞானமுத்து ஒரு குறை எழுதியிருந்தார். "ஏழாவது லெவல்ல மட்டும் குழி கிட்ட வந்தா சத்தம் மாறல." குழிதான் கண்ணுக்குத் தெரிகிறதே, சத்தம் எதற்கு என்று புரியவில்லை. ராஜபாளையத்திலிருந்து பக்கம்தானே என்று நேரில் கேட்கப் போனேன்.

ராணுவத்தில் இருந்தவர். குண்டு வெடித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மனைவி கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆறு லெவலையும் ஒரு தடவைகூட விழாமல் முடித்தார்.

"இடப்பக்கம் குழின்னா இடக்காதுல உருளுற சத்தம் கனமாகுது. அத வச்சுத்தான் போறேன். ஏழாவதுல அது இல்ல. மறந்துட்டியாம்மா?"

அழகுக்காகச் சேர்த்த சத்தம் அது. அதைக் கேட்டே வழி கண்டுபிடிக்கலாம் என்பது விளையாட்டைச் செய்த எனக்கே தெரியாது. ஏழாவதில் சேர்க்க மறந்தது உண்மைதான்.

"இன்னைக்கே சரி பண்ணிருதேன் அண்ணாச்சி" என்றேன்.

வந்ததும் சரிசெய்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விளையாடிப் பார்த்தேன். இதுவரை முதல் லெவலையே தாண்டவில்லை.